பேச்சு எதிர்ப்பு, வாக்கு ஆதரவு

அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொள்வான்.

"அடுத்தவன் கையைத் தூக்கினானா இல்லையானு பார்க்கிறதுக்கு எங்க அக்காவுக்குச் சம்பளம் தர்றாங்க."

கையெண்ணி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவனும் அவன்தான். அவன் சொன்னதில் பெரிய பொய்யும் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்த மசோதாவில் என்ன பேசினார், எந்தப் பக்கம் வாக்களித்தார், வாக்கெடுப்பு வரும்போது யார் மெல்ல எழுந்து வெளியே போனார் என்பதையெல்லாம் தொகுத்து வெளியிடும் சின்ன அமைப்பில் அவள் வேலை பார்த்தாள். மின்விசிறிக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். கீழே விசிறிகளைச் சுழலவிட்டுச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள், மேலே இவர்களுக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும். பேச்சு எல்லாம் செய்தித்தாளில் வந்துவிடும். வாக்கு வராது. பாதிக்கு மேல் மசோதாக்கள் "ஆம்", "இல்லை" என்ற கூச்சலிலேயே நிறைவேறிவிடும். உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்தி வாக்களித்தால் மட்டும் பெயர்வாரியாகப் பதிவாகும். அந்தப் பதிவை மன்றமே இணையத்தில் போட்டுவைத்திருந்தது. அதில் ரகசியம் ஒன்றுமில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

தம்பி இப்போதும் அந்தக் கேலியைச் சொல்வான். ஆனால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. "அடுத்தவன் கையை" என்றதும் நிறுத்தி, மூக்கில் செருகியிருக்கும் குழாய் வழியாகக் கொஞ்சம் காற்று வாங்கிக்கொண்டு, பிறகு மீதியைச் சொல்வான். கேட்பவர்கள் முன்கூட்டியே சிரித்துவிடுவார்கள், அவன் முடிக்கும் வரை காத்திருக்கச் சங்கடப்பட்டு.

அவன் சாய ஆலையில் வேலை செய்தவன். தொழிற்சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆலையில் பாய்லர் வெடித்தது. நான்கு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். தம்பி ஒரு கதவு தள்ளி நின்றதால் பிழைத்தான். நீராவியும் சாயப் புகையும் நெஞ்சுக்குள் போய் நுரையீரல் வெந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் ஜன்னலோரம் ஒரு கட்டில், பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம். அது இரவும் பகலும் முனகிக்கொண்டே இருக்கும்.

அந்த இயந்திரம் வந்தது தொகுதியின் உறுப்பினரால். ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். வெடித்த அன்று மருத்துவமனைக்கு முதலில் ஓடிவந்தவர் அவர்தான். நான்கு பேரையும் அடக்கம் செய்தபோது கடைசி வரை கூட நின்றார். ஒரு அறக்கட்டளைக்குக் கடிதம் கொடுத்து இயந்திரத்தை வரவழைத்தார். அதைவிட, வெடிப்புக்கு முன்பே பாய்லர் சட்டம் வந்தபோது மன்றத்தில் அவர் எதிர்த்துப் பேசிய பேச்சு எல்லோருக்கும் மனப்பாடம். ஆலையை முன்னறிவிப்பில்லாமல் வந்து சோதிக்கும் அதிகாரிகள் இனி வேண்டாம், முதலாளியே வருஷத்துக்கு ஒருமுறை "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சான்று எழுதிக் கொடுத்தால் போதும் என்பதுதான் அந்தச் சட்டம்.

"நோயாளியே எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் கொடுத்துக்கலாம்னா, அப்புறம் ஊருல டாக்டர் எதுக்கு?" என்று அவர் அன்று கேட்டார். வெடிப்புக்குப் பிறகு அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது.

தேர்தல் அறிவித்ததும் அமைப்பில் எல்லா உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு பக்கம் தயாரிக்கத் தொடங்கினார்கள். சொந்தத் தொகுதியை யாரும் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஆனால் அண்ணனின் பக்கத்தைச் செய்யவேண்டிய பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். அமைப்பை நடத்திவந்த வக்கீலம்மா அக்காவைக் கூப்பிட்டார்.

"வேற ஆள் இல்ல. சங்கடமா இருந்தா சொல்லு, நானே பண்ணிடறேன்."

"இதுல என்ன மேடம் சங்கடம்? அவர் பக்கம் சுத்தமாத்தான் இருக்கும்."

பாய்லர் மசோதாவை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள், தட்டில் பிடித்ததைக் கடைசியில் சாப்பிடுவதுபோல. பேச்சு என்ற கட்டத்தில் எதிர்ப்பு என்று அடித்தாள். வாக்கு என்ற கட்டத்துக்காக மன்றத்தின் பதிவைத் திறந்தாள். அண்ணனின் பெயருக்கு நேராக ஆம் என்று இருந்தது.

தவறுதலாக வேறு வரியைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். அதே வரிதான். மன்றத்தின் காணொளியைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். அண்ணன் பேசி முடித்து உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். அவைத்தலைவர் வாக்கெடுப்பை அறிவிக்கிறார். அண்ணன் ஒரு நொடி கூரையைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார். திரையில் அவர் இருக்கை பச்சையாக மாறுகிறது. கட்சி அந்த மசோதாவில் கொறடா உத்தரவு கூடப் போடவில்லை. அவரவர் விருப்பம் என்று விட்டிருந்தது.

அக்கா எழுந்துபோய் முகம் கழுவினாள். திரும்பி வந்து வக்கீலம்மாவிடம் திரையைக் காட்டினாள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட விளக்கம் கேக்கணும். அது எல்லாருக்கும் உள்ளதுதான். நான் போறேன்."

"வேண்டாம் மேடம். நானே போய்க் கேக்கறேன்."

அண்ணனின் அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மனுவோடு ஆட்கள் காத்திருந்தார்கள். இவளைப் பார்த்ததும் அவர் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

"வாம்மா. தம்பி எப்படி இருக்கான்? வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு மேடைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். முடியுமா அவனுக்கு?"

அவள் உட்காரவில்லை. "சார், பாய்லர் சட்டத்தை எதிர்த்துப் பேசினீங்க. ஆனா ஆதரவா ஓட்டுப் போட்டிருக்கீங்க."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். கோபப்படுவார் என்றும் நினைத்திருந்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆமாம்மா. போட்டேன்."

"ஏன் சார்?"

"விளக்கம்னு ஒரு இடம் இருக்குமே, அதுல என்ன போடுவீங்க?"

"நீங்க சொல்றதை அப்படியே போடுவோம். ஒரு எழுத்து மாத்த மாட்டோம்."

"ஒண்ணும் சொல்லலேன்னா?"

"விளக்கம் தரவில்லைன்னு போடுவோம்."

"அப்ப அதையே போட்டுக்க."

"அவ்வளவுதானா? நாலு பேர் செத்திருக்காங்க சார். என் தம்பி அந்த நாலு சுவத்துக்குள்ள..."

அவர் மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். "என்னைக் கேக்காதம்மா. வீட்டுல போய்க் கேளு."

அவள் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாள். இயந்திரத்தை வைத்து ஆட்டம் காட்டுகிறார் என்று நினைத்து, நேராகத் தம்பி வீட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

தம்பி வீட்டில் அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்று எழுந்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்துத் துணியைக் கீழே வைத்தாள். அக்கா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் நம்மை ஏமாற்றிவிட்டார், வெள்ளிக்கிழமை நீ மேடை ஏறக்கூடாது என்றாள்.

தம்பி அவள் முடிக்கும் வரை கேட்டான். ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்னடா தெரியும்?"

"அவர் எதுக்குப் போட்டார்னு." குழாயைச் சரிசெய்துகொண்டான். "நாங்க கேட்டோம். அதனால போட்டார்."

துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. மசோதா வந்த சமயம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். அதிகாரிகள் வந்து சோதித்தால் பழைய பாய்லரை மாற்றச் சொல்வார்கள், அதற்கு என்னிடம் வழியில்லை, மசோதா தோற்றால் ஆலையைப் பூட்டிவிட்டு வேறு இடம் போகிறேன் என்றிருக்கிறார். சங்கம் கூடியது. பாய்லர் ஓட்டுபவர் மட்டும், அவர்தான் அங்கே மூத்தவர், பின்னால் வெடிப்பில் போன நால்வரில் ஒருவர், கூடாது என்றார். முதலாளி பயப்படுவது அந்த அதிகாரி ஒருத்தனுக்குத்தான், அவனையும் போகச் சொல்லிவிட்டால் நம் கதி என்ன என்று கேட்டார். தம்பி அவரோடு வாதாடினான். வேலையே போய்விட்டால் பாய்லர் நன்றாக இருந்து யாருக்கு லாபம் என்று கேட்டு எல்லோரையும் தன் பக்கம் இழுத்தான். ஒரு வேன் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் போனார்கள். அவர் முடியவே முடியாது என்றார். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எதிர்த்துப் பேசிக்குங்கண்ணே, ஓட்டை மட்டும் போட்டுடுங்கன்னு... நான்தான்க்கா சொன்னேன்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஆஸ்பத்திரியில அவர் என் பக்கத்துல உக்காந்து அழுதார். ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் பேசல."

இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. தம்பி மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, அந்தப் பக்கத்தைப் போடாதீங்க. போட்டா அண்ணன் ஏன் அப்படி ஓட்டுப் போட்டார்னு கேப்பாங்க. சுத்திச் சுத்தி இவர்கிட்டத்தான் வரும். அந்த நாலு வீடும் இந்தத் தெருவுலதான் இருக்கு. அவங்க முகத்துல நான் முழிக்க வேண்டாமா?"

"போடாம எப்படிம்மா இருக்கறது?"

"எத்தனையோ பேர் ஓட்டுப் போட்டதை இத்தனை நாளா யாரு பார்த்தா? இதை மட்டும் ஏன் பார்க்கணும்?"

தம்பிதான் சொன்னான். "போடுக்கா. என் பேரையும் சேர்த்துப் போடு."

"உன் பேருக்கு அதுல இடம் இல்லடா. உறுப்பினர் சொல்றதுக்கு மட்டும்தான் இடம்."

அந்த வாரம் பக்கம் வெளியானது. பேச்சு: எதிர்ப்பு. வாக்கு: ஆதரவு. விளக்கம்: தரவில்லை. அக்கா வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர், "நமக்குத் தெரிஞ்சதும் நம்மகிட்ட சொன்னதும் வேற வேற. அவர் சொல்லாததை நாம எழுத முடியாது" என்றார். எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த மூன்று வரியைத் துண்டறிக்கையாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்துக்குத் தம்பி போயே தீருவேன் என்றான். சிறிய சிலிண்டரை மடியில் வைத்து, சக்கர நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி மேடையில் ஏற்றினார்கள். அக்காவும் தம்பி மனைவியும் கீழே முன்வரிசையில் நின்றார்கள். இறந்தவர்களின் வீட்டுப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அண்ணன் பேச ஆரம்பித்ததுமே கூட்டத்திலிருந்து ஒருவன் துண்டறிக்கையை ஆட்டிக்கொண்டு கத்தினான்.

"பேச்செல்லாம் போதும்! ஓட்டை எங்க போட்டே, அதைச் சொல்லு!"

இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. அண்ணன் மைக்கைப் பிடித்தபடி நின்றார். பதில் சொல்லவில்லை. திரும்பித் தம்பியைப் பார்க்கவும் இல்லை. அதை அக்கா பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள்: அவர் பார்க்கவில்லை. தம்பிதான் கையை நீட்டினான். யாரோ மைக்கை அவன் வாயருகே கொண்டுவந்து பிடித்தார்கள்.

"அண்ணன் மேல... தப்பில்ல. ஓட்டுப் போடச் சொல்லி... கேட்டது நாங்க. சங்கத்தை... பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சது நான். பாய்லர்காரர் வேண்டாம்னார். நான்தான்... கேக்கல."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவன் மூச்சு ஒலிபெருக்கி வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது. கூச்சல் போட்டவன் துண்டறிக்கையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். தள்ளி நின்ற பெண்களில் இரண்டு பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். தம்பி மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அன்று அண்ணன் பேச்சைத் தொடரவில்லை. கூட்டம் அத்தோடு முடிந்தது. அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

மறுநாள் மதியம் பிரசார வேன் தெருவுக்குள் வந்தது. பாட்டுக்குப் பதிலாகத் தம்பியின் குரல். "அண்ணன் மேல தப்பில்ல. ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டது நாங்க." திணறலை எல்லாம் யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள், பழையபடி ஒரே மூச்சில் பேசினான். அதன் பின்னால் கணீரென்று இன்னொரு குரல்: "தொழிலாளர்கள் கேட்டார்கள். அண்ணன் செய்தார்!" வேன் அந்தத் தெருவில் மெதுவாக ஊர்ந்தது. நான்கு வீட்டு வாசலையும் தாண்டிப் போனது. முனையில் திரும்பி மறுபடி வந்தது. தம்பி மனைவி ஜன்னலைச் சாத்தினாள். சாத்தினாலும் கேட்டது.

அக்கா அண்ணனுக்குப் போன் செய்தாள். அவரே எடுத்தார்.

"வேனை நிறுத்தச் சொல்லுங்க சார்."

"பசங்க எனக்குத் தெரியாம பண்ணிட்டாங்கம்மா. சொல்றேன். ஆனா அவன் சொன்னது உண்மைதானேம்மா. நானா எதையும் சேர்க்கலையே."

வேன் நிற்கவில்லை. அடுத்த நாள் அமைப்புக்கு அவர் கையெழுத்திட்ட விளக்கம் வந்தது. தொழிலாளர்களின் கோரிக்கையை ஏற்று வாக்களித்தேன் என்று ஒரே வரி. ஒரு எழுத்து மாற்றமாட்டோம் என்று அவள்தானே சொல்லியிருந்தாள். வக்கீலம்மா நான் அடிக்கிறேன் என்று சொல்லியும் கேளாமல், அக்காவே அதை அடித்து ஏற்றினாள்.

தெருவில் ஆட்கள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். குழாயடியில் தம்பி மனைவி குடத்தை வைத்தால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். மாலையில் வந்து சீட்டாடும் பழைய சகாக்கள் வருவது நின்றது.

வந்தவர் ஒருவர்தான். பாய்லர்காரரின் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா அங்கிருந்தபோது, கேட்காமலே உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். தம்பி எழ முயன்றான், முடியவில்லை.

"அவர் வேண்டாம்னு சொன்னது எனக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மா. "வீட்டுக்கு வந்து சொன்னார். சின்னப்பய என்கிட்ட வாதம் பண்றான்னு திட்டினார்."

தம்பி அழுதான். அழுகைக்கும் காற்று வேண்டும். அவனுக்கு இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கும் வரை அந்த அம்மா காத்திருந்தார்.

"ஆனா மறுநாள் நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டு, நீங்க அண்ணனைப் பார்க்கப் போன வேன்ல ஏறினார். ஏறாதீங்கன்னு நானும் சொல்லல. எங்களுக்கும் அந்த வேலை வேண்டியிருந்துச்சு." எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "உன்னை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

அண்ணன் முன்னைவிட அதிக வாக்கில் ஜெயித்தார். தம்பியின் பேச்சால்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

மழை தொடங்கிய சமயம் இயந்திரம் கெட்டது. முனகல் நின்றபோது வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது என்று தம்பி மனைவி சொன்னாள். அறக்கட்டளைக்குப் போன் செய்தால் உறுப்பினரின் கடிதம் புதிதாக வேண்டும் என்றார்கள். உறுப்பினரின் அலுவலகத்தில் அவர் மன்றத்தில் இருக்கிறார் என்றார்கள். மன்றத்தில்தான் இருந்தார்; அக்காவின் திரையில் ஓடிய மன்ற நேரலையில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வாடகைச் சிலிண்டர்களை வைத்துச் சில நாள் ஓட்டினார்கள். அப்புறம் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். கடைசியில் அவனால் பேச முடியவில்லை. அக்காவின் உள்ளங்கையைத் திருப்பி, ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணுவதுபோல் செய்தான். கேலி செய்கிறான் என்று புரிந்து அவள் சிரித்தாள். அன்று விடிகாலையில் போய்விட்டான்.

அடக்கத்துக்குப் பாய்லர்காரரின் மனைவி வந்தார். மற்ற மூன்று வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. அண்ணன் ஒரு மாலையை ஆளிடம் கொடுத்தனுப்பினார். தம்பி மனைவி அதை வாங்கி ஓரமாக வைத்தாள், தூக்கி எறியவும் இல்லை, போடவும் இல்லை.

எல்லோரும் போன பிறகு அக்கா பாத்திரங்களைக் கழுவி அடுக்கினாள். கிளம்பும்போது தம்பி மனைவி வாசல்வரை வந்தாள்.

"அண்ணி, நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. உங்க வேலையைத்தான் செஞ்சீங்க. அவரும் சொல்லணும்னுதான் நினைச்சார். சொன்னதும் அவர் மனசு லேசாச்சு, அதையும் நான் பார்த்தேன்."

"சொல்லும்மா."

"ஆனா அவர் குரல் வேன்ல போன அன்னைக்கு நான் இந்த ஜன்னல்கிட்ட நின்னுட்டிருந்தேன். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது கேக்குது. கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

"எவ்வளவு நாளைக்கும்மா?"

"தெரியல அண்ணி. நானே கூப்பிடறேன்."

அக்கா தலையாட்டிவிட்டு மழையில் இறங்கினாள். தெருமுனையில் அறக்கட்டளையின் வண்டி எதிரே வந்தது. இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் பார்த்து வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போன இயந்திரத்தை எடுத்துப்போக வந்திருந்தார்கள். ஒருவன் கண்ணாடியை இறக்கி அவளிடம் வழி கேட்டான். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.